வாசகர் கேள்வி – பதில்: சென்னைக் கடற்கரையில் ஒரு நாள் கார்ப் பயணம்

கேள்வி: ஈரோட்டிலிருந்து சொந்தக் காரில் சென்னைக்கு வருகிறோம். கணவர், நான், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், 72 வயதான என் மாமியார் என ஐந்து பேர். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கையில் இருக்கிறது. சுற்றுலாப் பேருந்தோ வழிகாட்டியோ இல்லாமல் நாங்களே ஓட்டிக்கொண்டு போய்க் கடலோரத்து முக்கியமான இடங்களைப் பார்க்க ஆசைப்படுகிறோம். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?
— ஈரோடு வாசகி

பதில்: வடக்கே பாரிமுனையில் தொடங்கித் தெற்கே பெசன்ட் நகரில் முடியுங்கள். மொத்தத் தொலைவு இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் என்றாலும் ஒரு பகல் முழுவதும் அதற்குத் தேவைப்படும். இந்தத் திசையை மட்டும் மாற்றிவிட வேண்டாம். நாம் சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள். சென்னைக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. ஆகவே தெற்கு நோக்கி வரும்போது கடல் இடக்கைப் பக்கமாகவே உங்களோடு கூட வரும்; மெரினாவின் உட்சாலைக்குள் நுழைய எங்கும் வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை. தெற்கிலிருந்து வருகிறவர்களோ நடுத்தடுப்புக்கு அப்பால் கடலைப் பார்த்துக்கொண்டே, திரும்ப இடம் தேடிப் போய்க்கொண்டிருப்பார்கள். தவிர, காமராஜர் சாலையின் மேற்கு ஓரத்துப் பழைய கட்டடங்கள் கிழக்கு பார்த்து நிற்பவை. காலை வெயில் அவற்றின் முகத்தில் விழும்போதுதான் செங்கல்லின் சிவப்பும் வளைவுகளின் வேலைப்பாடும் துலங்கும். பிற்பகலில் அங்கே எதிர்வெயில்தான். உங்கள் அத்தையை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்த்துங்கள். நாள் முழுவதும் கடல் அவர் ஜன்னலில் இருக்கும்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பாரிமுனைக்கு வந்துவிட்டால், மற்ற நாள்களில் வண்டி நுழையவும் முடியாத தெருக்கள் உங்களுக்காகத் திறந்து கிடக்கும். முதலில் தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயிலுக்குப் போங்கள். இந்த அம்மன் முதலில் கடலோரத்தில், இன்றைய கோட்டை இருக்கும் பகுதியில் குடியிருந்ததாகவும் கோட்டை எழுந்தபோது இங்கே இடம் மாறியதாகவும் கோயில் வரலாறு கூறுகிறது. அதன்பின் உயர் நீதிமன்றத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, புனித ஜார்ஜ் கோட்டைக்குள் சென்று, நேப்பியர் பாலத்தைக் கடந்து மெரினாவுக்கு வாருங்கள். கலங்கரை விளக்கத்தில் ஏறி இறங்கி, சாந்தோம் பேராலயத்தைப் பார்த்து, மயிலாப்பூரில் மதிய உணவு உண்டு இளைப்பாறி, மாலையில் பெசன்ட் நகர் சேருங்கள்.

கிழமையையும் நீங்கள் சரியாகவே தேர்ந்திருக்கிறீர்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இது தெரியாமல் வெளியூர் உறவினர்களை அழைத்துச் சென்று மூடிய கதவின் முன் நின்றிருக்கிறேன். கலங்கரை விளக்கத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் ராணுவ அலுவலகங்களும் இருப்பதால் பெரியவர்கள் எல்லாரும் அடையாள அட்டை வைத்திருப்பது அவசியம்.

இத்தனை இடங்களையும் ஒன்றோடொன்று கோத்துப் பார்க்க ஓர் இழை வேண்டுமானால், நகரத்தின் நான்கு கலங்கரை விளக்கங்களைத் தேடிப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துறைமுகப் பட்டினம் தன் கப்பல்களுக்காக எங்கெங்கே விளக்கேற்றியது என்று பார்த்தாலே அதன் கடற்கரையின் வரலாறு பாதி புரிந்துவிடும்.

கேள்வி: உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் கலங்கரை விளக்கம் இருந்தது என்று படித்தேன். கடலிலிருந்து அவ்வளவு தள்ளி, ஒரு நீதிமன்றத்தின் மேல் எதற்காக விளக்கு வைத்தார்கள்?
— சேலம் வாசகர்

பதில்: விளக்கு தள்ளிப் போகவில்லை ஐயா, கடல்தான் தள்ளிப் போயிற்று. இந்தப் பயணத்தில் நான் மிகவும் பார்க்கச் சொல்லும் விஷயமும் இதுதான்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1639-இல் நிலம் பெற்று அடுத்த ஆண்டு கோட்டை கட்டத் தொடங்கியபோது, கோட்டையின் கிழக்குச் சுவருக்கு மிக அருகிலேயே அலை வந்து போயிற்று. அன்றைக்குச் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் வெகு தொலைவில் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில்தான் ஆளும் சரக்கும் அலைகளைத் தாண்டிக் கரைக்கு வந்தாக வேண்டும். அப்படி நின்ற கப்பல்களுக்காக முதல் விளக்கு 1796-இல் கோட்டைக்குள் ஏற்றப்பட்டது. வணிகர்கள் கூடும் இடமாக அதற்கு முந்தைய ஆண்டு கட்டி முடித்த கட்டடத்தின் மாடியில் தேங்காய் எண்ணெய் விளக்குகளை வைத்தார்கள். அந்தக் கட்டடம்தான் இன்றைய கோட்டை அருங்காட்சியகம். அதன் வாசலில் நின்று கிழக்கே பார்த்துவிட்டு, இங்கிருந்து கடலுக்குப் போக இன்று எத்தனை சாலைகளைக் கடக்க வேண்டும் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.

இரண்டாவது விளக்கு உயர் நீதிமன்ற வளாகத்தில் தனித்து நிற்கும் கருங்கல் தூண். கிரேக்கக் கோயில் தூண்களின் பாணியில், மேலே போகப் போகச் சற்றே மெலிந்து செல்லும் இந்தத் தூண் சுமார் 125 அடி உயரம் கொண்டது. 1844-இல் இதில் விளக்கேறியது. பின்னர் ஹென்றி இர்வினின் மேற்பார்வையில் 1892-இல் உயர் நீதிமன்றம் கட்டி முடிக்கப்பட்டபோது, அதன் பிரதான கோபுரம் இந்தத் தூணைவிட உயரமாக எழுந்துவிட்டது. ஆகவே 1894-இல் அந்தக் கோபுரத்தின் உச்சிக்கே விளக்கு மாறியது. நீங்கள் படித்தது இந்த மூன்றாவது விளக்கைத்தான். தரையிலிருந்து ஏறத்தாழ 175 அடி உயரத்தில், வழக்காடுபவர்களின் தலைக்கு மேலே, எண்பது ஆண்டுகளுக்கு மேல் அது கடலுக்கு ஒளி காட்டியது. பாதுகாப்புக் காரணங்களால் வளாகத்துக்குள் நினைத்தபடி சுற்றிப் பார்க்கப் போக முடியாது. ஆனால் ஞாயிறு காலையில் வெளிச் சாலையில் ஐந்து நிமிடம் நின்றால், கல்தூணும் அதற்குப் பின்னால் செந்நிறக் கோபுரமும் தெரியும் ஓரிடம் கிடைக்கும். ஒரு விளக்கு மற்றொரு விளக்குக்கு வழிவிட்டு நிற்கும் அந்தக் காட்சிக்காகவே நான் பாரிமுனையில் தொடங்கச் சொல்கிறேன்.

கடல் ஏன் விலகியது என்பதற்கு விடை துறைமுகத்தில் இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. 1870-களின் நடுவில் செயற்கைத் துறைமுகத்தின் கற்கரங்கள் கடலுக்குள் நீளத் தொடங்கியதும் அந்த மணலின் வழி அடைபட்டது. 1881-ஆம் ஆண்டுப் புயல் அந்தக் கரங்களைச் சிதைத்தது, மறுபடியும் கட்டினார்கள். துறைமுகத்துக்குத் தெற்கே தேங்கிய மணல் ஆண்டுக்கு ஆண்டு அகன்று வந்தது. இன்று நாம் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்காரும் மெரினாவின் பரந்த மணல்வெளி அப்படி உருவானதே. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-இல் இங்கே நடைபாதை அமைத்து, சிசிலித் தீவின் பலெர்மோ நகர நினைவில் மெரினா என்று பெயரிட்டபோது, கடல் அந்த நடைபாதைக்கு இன்றைவிட மிக அருகில் இருந்தது.

கேள்வி: “அவன் பெரிய எம்டன்” என்று என் தாத்தா யாரையாவது சொல்வார். அந்தச் சொல்லுக்கும் சென்னைக் கடற்கரைக்கும் தொடர்பு உண்டாமே, அது எந்த இடம்?
— மதுரை மாணவர்

பதில்: உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதில்தான் அந்த இடம். முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று குண்டுகளைப் பொழிந்தது. துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. ஒரு குண்டு நீதிமன்ற வளாகத்தில் விழுந்தது. அதை நினைவுகூரும் கல்வெட்டு மதிலில் பதிக்கப்பட்டிருக்கிறது. சிறிய கல்வெட்டுதான். ராஜாஜி சாலையில் விரைந்து போகிறவர் கண்ணில் அது படாது. வண்டியை ஓர் ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்துதான் பார்க்க வேண்டும். தாக்குதல் அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஆனால் அந்தப் பீதியில் ஏராளமானோர் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் காரியத்தை முடித்துவிட்டுப் போகும் ஆளுக்குத் தமிழில் ஒரு பெயரும் கிடைத்தது. தாத்தாவின் சொல் பிறந்த இடத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மெரினாவில் வண்டியை எங்கே நிறுத்துவது? இரண்டு மணி நேரத்தில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?
— வேலூர் வாசகர்

பதில்: காமராஜர் சாலையில் எந்த இடத்திலும் வண்டியை நிறுத்தவோ, பார்ப்பதற்காக மெதுவாக்கவோ கூடாது, பின்னால் வருகிறவர்கள் வேகமாக வருவார்கள். அந்தச் சாலைக்கும் மணலுக்கும் இடையே ஓடும் உட்சாலையில் கட்டணம் செலுத்தி நிறுத்திக்கொள்ளலாம். காலை பத்து மணிக்கு முன் இடம் எளிதில் கிடைக்கும். ஞாயிறு மாலையில் கிடைக்கவே கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையை விட்டுப் புறப்பட்டதும் போர் நினைவுச் சின்னத்தை அடுத்துக் கூவத்தின் முகத்துவாரத்தில் நேப்பியர் பாலம் வரும். 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது இதற்குச் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளை வண்ணம் அடித்தது நினைவிருக்கும். பாலம் இறங்கியதும் இடப்பக்கம் தலைவர்களின் நினைவிடங்கள். அவற்றுக்கு வழி சொல்லத் தேவையில்லை. கூட்டமே அழைத்துச் செல்லும்.

நான் நிதானமாகப் பார்க்கச் சொல்வது உழைப்பாளர் சிலையை. அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த இந்தச் சிலை 1959-இல் இங்கே நிறுவப்பட்டது. நான்கு ஆண்கள் ஒரு பாறையை நெம்பி நகர்த்துகிறார்கள். வண்டியிலிருந்து பார்த்தால் நான்கு கரிய உருவங்கள்தான் தெரியும். பக்கத்தில் போய் நின்றால் ஊன்றிய காலின் ஆடுசதை புடைத்திருப்பதும், நெம்புகோலை அழுத்தும் உடல் தன் எடை முழுவதையும் அதன் மேல் சாய்த்திருப்பதும் தெரியும். முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை. பாறை இன்னும் நகர்ந்தபாடில்லை. இந்தக் கடற்கரைக்கு இச்சிலை பொருத்தமானது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெரினாவின் மீனவக் குப்பத்தில் பிறந்த சிங்காரவேலர், 1923-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினக் கூட்டத்தைச் சென்னைக் கடற்கரையில்தான் நடத்தினார்.

அங்கிருந்து தெற்கே நடந்தால், 1968-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவிய பத்துச் சிலைகளைக் கடற்கரை நெடுகிலும் காணலாம். வள்ளுவர், ஒளவையார், கம்பர், பாரதியார் ஆகியோருக்கு நிகராகக் கால்டுவெல்லுக்கும் போப்புக்கும் வீரமாமுனிவருக்கும் இடம் கொடுத்த பெருந்தன்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நிறைவாக இருக்கும். பத்தையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

மேற்கு ஓரத்துக் கட்டடங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். சிஷோம் வடிவமைத்து 1879-இல் முடிந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையை எதிர்ப்புறம் நின்று பார்த்தாலே போதும். மற்றொன்று விவேகானந்தர் இல்லம். அரைவட்ட முகப்புடைய இந்தக் கட்டடம் 1842-இல் அமெரிக்க வணிகர் டியூடர் ஐஸ் சேமிப்பதற்காகக் கட்டியது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கடல் பயணம் செய்து இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். இங்கேயே ஐஸ் தயாரிக்க வழி பிறந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் அந்தப் பகுதியை நாம் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்கிறோம். 1897-இல் மேலைநாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள்கள் இங்கே தங்கினார். கரைக்கு வந்த ஐஸ் உருகுமுன் உள்ளே வைத்தாக வேண்டும் என்பதற்காகக் கடலை ஒட்டிக் கட்டிய வீடு இது. இன்று அதன் வாசலிலிருந்து அலை வரைக்கும் நடந்து பாருங்கள். சேலம் வாசகருக்கு நான் சொன்ன மணல் கணக்கு உங்கள் கால்களுக்கே தெரியும்.

மெரினாவின் தென்கோடியில், 1977 முதல் ஒளிவீசும் நான்காவது கலங்கரை விளக்கம் சிவப்பு வெள்ளைப் பட்டைகளோடு நிற்கிறது. பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2013 நவம்பரில் மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. லிஃப்ட் இருப்பதால் முதியவர்களும் வரலாம். நண்பகலில் இடைவேளை விடுவார்கள் என்பதால் பன்னிரண்டு மணிக்குள் மேலே போய்விடுங்கள். வடக்கே பார்த்தால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், அவற்றின் தென்புறத்தில் அணைந்து தேங்கிய மணல், அதற்கு அப்பால் நீங்கள் காலையில் புறப்பட்ட இடம் என எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். அந்தப் பகுதியில் மெட்ரோ ரயில் பணிகளுக்காகப் பாதையை மாற்றி விட்டிருந்தால் போக்குவரத்துக் காவலர் காட்டும் வழியில் செல்லுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மெரினாவில் யாரையும் கடலில் இறங்கிக் குளிக்க விடாதீர்கள். கரையிலிருந்து சில அடிகளிலேயே தரை சரிந்து ஆழமாகிவிடும். திரும்பும் அலையின் இழுப்பு நீச்சல் தெரிந்தவரையும் கொண்டுபோய்விடும். கணுக்காலை நனைத்துக்கொள்வதோடு போதும்.

கேள்வி: சாந்தோம், மயிலாப்பூர் இரண்டையும் ஒரே பகலில் பார்க்க முடியுமா? கபாலீசுவரர் கோயிலும் முன்பு கடலோரத்தில் இருந்ததாகச் சொல்கிறார்களே?
— தஞ்சாவூர் வாசகி

பதில்: முடியும். கலங்கரை விளக்கத்திலிருந்து சாந்தோம் பேராலயம் சில நிமிடத் தொலைவுதான். போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயம் இருந்த இடத்தில், இன்றுள்ள வெண்ணிறக் கோத்திக் பாணிக் கட்டடம் 1896-இல் எழுந்தது. இயேசுவின் சீடரான புனித தோமாவின் கல்லறையின் மேல் இது அமைந்திருப்பதாகக் கிறித்தவர்கள் போற்றுகிறார்கள். ஆலயத்தின் பின்புறம் கடற்கரைப் பக்கமாக ஒரு கம்பம் நிற்கிறது. கடல் இதைத் தாண்டி வராது என்று தோமாவே நட்டதாக அப்பகுதி மக்கள் நம்புகிறார்கள். 2004 சுனாமியின்போது இந்த நம்பிக்கையைப் பலர் எடுத்துச் சொன்னார்கள்.

கபாலீசுவரர் கோயிலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதும் சரியே. திருஞானசம்பந்தர் தம் பதிகத்தில் மயிலையை அலைகடல் உலாவும் ஊராகவே பாடுகிறார். பழைய கோயில் கடலோரத்தில் இருந்து அழிந்துபட்டது என்றும், இன்றைய கோயில் பின்னாளில் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது என்றும் அறிஞர்கள் கருதுகிறார்கள். சாந்தோம் பகுதியில் கிடைத்த கோயில் கற்களும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. பாரிமுனையில் காளிகாம்பாள், இங்கே கபாலீசுவரர் என்று கடலோரத்து இரு தெய்வங்கள் இடம்பெயர்ந்த ஊர் இது. நண்பகலுக்குமேல் நடை சாத்திவிடுவார்கள். மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். மாட வீதிகளுக்குள் காரைக் கொண்டுபோகாதீர்கள். தள்ளி நிறுத்திவிட்டு, உடன் வரும் முதியவர்களுக்கு மட்டும் ஓர் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடையாறு ஆலமரத்தை இந்தப் பயணத்தில் சேர்க்கலாமா?
— திண்டுக்கல் வாசகர்

பதில்: ஞாயிற்றுக்கிழமை அந்த மரம் நிற்கும் பிரம்மஞான சபையின் தோட்டத்துக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை, மற்ற நாள்களிலும் குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டுமே அனுமதி. ஆகவே வார நாளில் வருகிறவர்கள் முன்கூட்டியே நேரத்தைக் கேட்டுக்கொண்டு போகலாம். தாய்மரம் 1989-இல் புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகளே மரங்களாகித் தோப்பாக நிற்கின்றன. ஞாயிறு வருகிறவர்கள் திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைக் கடந்து நேரே பெசன்ட் நகருக்குப் போய்விடலாம். அங்கே எலியட்ஸ் கடற்கரையில் மணலில் நிற்கும் வெள்ளை வளைவு, பிறரைக் காப்பாற்ற முயன்று 1930 டிசம்பர் 30 அன்று மூழ்கி இறந்த ஷ்மிட் என்பவரின் நினைவுச் சின்னம். அலையைப் பற்றி நான் மேலே சொன்னதைப் பிள்ளைகளுக்கு விளக்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

கேள்வி: பத்திரிகைகளில் சென்னைக் கடற்கரை என்றாலே மெரினாவும் பெசன்ட் நகரும்தான். வடக்கே எங்கள் பக்கம் கடல் இல்லையா? எங்கள் பாட்டி விளையாடிய மணல் இன்று தண்ணீருக்குள் இருக்கிறது. அதைப் பார்க்க யாரும் வருவதில்லை.
— ராயபுரம் வாசகர்

பதில்: உங்கள் கடிதம் இந்தப் பக்கம் அச்சுக்குப் போகுமுன் வந்தது நல்லதாயிற்று. பாரிமுனையில் தொடங்கச் சொன்ன முதல் பதிலை இப்போது திருத்திக்கொள்கிறேன்; ராயபுரத்தில்தான் தொடங்க வேண்டும்.

துறைமுகத்துக்குத் தெற்கே தேங்கிய மணல், வடக்கே போய்ச் சேராமல் போன மணல். அலை அரித்துக்கொண்டு போனதற்கு ஈடாகத் தெற்கிலிருந்து எதுவும் வரவில்லை. அதனால் உங்கள் பக்கம் கரை கரைந்தது, தெருக்களும் வீடுகளும் போயின, இன்று பாறாங்கற்களைக் கொட்டித்தான் கடலைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். மெரினாவின் அகலத்தைப் பார்த்து வியக்கிறவர்கள் அதற்கு விலை கொடுத்த கரையையும் பார்த்தாக வேண்டும்.

பார்க்க அங்கே மற்றவையும் இருக்கின்றன. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது ராயபுரம் நிலையத்திலிருந்துதான். நம் நாட்டில் இன்றும் நிலைத்திருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் அதுவே. பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்பார்கள்; ஊர்ப் பெயரும் அவரால் வந்தது என்று சொல்வதுண்டு. அவர் பெயரில் அங்கே நிற்கும் தேவாலயம் மசூலாப் படகுக்காரர்களின் ஆலயம். துறைமுகம் கட்டியதும் அந்தப் படகுகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று; அவற்றை ஓட்டியவர்களின் கோயில் நிலைத்துவிட்டது.

ஆகவே ஈரோட்டு வாசகி ஆறரைக்குப் பாரிமுனை வருவதற்குப் பதில் ஐந்தரைக்கே ராயபுரம் பக்கம் வந்துவிடட்டும். காசிமேட்டில் படகுகள் மீன் இறக்கும் நேரம் அது. ரயில் நிலையத்தையும் ராயப்பர் ஆலயத்தையும் பார்த்துவிட்டு, எண்ணூர் செல்லும் சாலையில் சிறிது தூரம் போய், கற்சுவரை ஒட்டிப் பாதுகாப்பான ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். இங்கே மணல் இருக்காது. கல்லில் அலை மோதும் சத்தம் காலடியிலேயே கேட்கும். பத்து நிமிடம் நின்றுவிட்டு, வண்டியைத் தெற்கே திருப்புங்கள்.